கீரைக் கட்டும் மாத்திரைக் குப்பியும்

வங்கியில் பணியாற்றும் நமக்கு 53 வயது என்றவுடன் நினைவுக்கு வருவது ஒரு குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கு. வீட்டுக் கடனில் இன்னும் சில ஆண்டுத் தவணைகள் எஞ்சியிருக்கும். பிள்ளைகளில் ஒருவராவது கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பார். பெற்றோரின் மருத்துவச் செலவு ஒரு பக்கம், தம் ஓய்வுக் காலத்துக்கான சேமிப்பு மறுபக்கம் என்று பொறுப்புகள் அனைத்தும் ஒருசேர வந்து நிற்கும் வயது அது.

முதல் மாரடைப்பு வருகின்ற வயதும் அதுவே என்பதுதான் வேதனை. 52 நாடுகளில் முதன்முறையாக மாரடைப்புக்கு ஆளானவர்களை ஆராய்ந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வு, இந்தியர் உள்ளிட்ட தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு நேரும் சராசரி வயது 53 என்று கண்டது. பிற நாட்டவருக்கு அது ஏறத்தாழ 59. கேரளத்தில் பிறந்து, பெங்களூரில் மருத்துவம் பயின்று, கனடாவில் பணியாற்றும் டாக்டர் சலீம் யூசுஃப் தலைமையில் நடந்த ஆய்வு இது. முதன்மை முடிவுகள் 2004-ஆம் ஆண்டிலும், தெற்காசியரைப் பற்றிய தனிப் பகுப்பாய்வு 2007-ஆம் ஆண்டிலும் வெளியாயின. நாட்டின் மொத்த இறப்புகளில் இதயம், இரத்தக்குழாய் சார்ந்த நோய்களின் பங்கு 1990-இல் 15 விழுக்காடாக இருந்து, 2016-இல் 28 விழுக்காடாக உயர்ந்துவிட்டது என்பதையும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அந்த ஆறாண்டு இடைவெளிக்குக் காரணங்கள் பல. புகை, நீரிழிவு, இரத்த அழுத்தம், இடுப்புச் சுற்றளவு, கொழுப்பு ஆகியவை நம்மவரிடம் இளம் வயதிலேயே தலைகாட்டுகின்றன. ஆனால் அப்பகுப்பாய்வில் நம் கண்ணில் தைத்த எண் வேறொன்று. ஒப்பீட்டுக்காகச் சேர்க்கப்பட்ட, மாரடைப்பு வராத தெற்காசியரில் நாள்தோறும் காய்கறியும் பழமும் உண்பவர்கள் நூற்றுக்கு 26 பேர் அளவிலேயே இருந்தனர். பிற நாடுகளில் அது 45. சைவ உணவினர் மிகுந்த நாடு என்று பெயர் பெற்ற நம் நாட்டில் இப்படியா என்று வியக்கத் தேவையில்லை. சைவம் உண்பது வேறு, காய்கறி உண்பது வேறு. அரிசியோ கோதுமையோ தட்டை நிறைத்துக்கொள்ள, காய்கறி ஓரத்தில் ஒரு கரண்டி அளவுக்கு ஒதுங்கிவிட்ட உணவும் சைவ உணவுதான்.

இன்னும் அருகில் சென்று பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. டெல்லியிலும் பெங்களூரிலும் உள்ள 8 மருத்துவமனைகளில் மாரடைப்புக்காகச் சேர்க்கப்பட்ட 350 பேரையும், அவர்களை ஒத்த வயதுடைய, அந்நோய் இல்லாத 700 பேரையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர். 2004-இல் வெளியான முடிவின்படி, வாரத்தில் மூன்று நான்கு முறை கீரை உண்டவர்களுக்கு, ஏறக்குறைய கீரையே உண்ணாதவர்களைவிட மாரடைப்பு அபாயம் மூன்றில் ஒரு பங்காகவே இருந்தது. நோய் வந்த பின்னர் 'நீங்கள் என்ன உண்டு வந்தீர்கள்' என்று கேட்டறியும் ஆய்வுகளுக்கு ஓர் எல்லை உண்டு. கீரை உண்பவர் நடைப்பயிற்சியும் செய்பவராக இருக்கலாம், புகைக்காதவராக இருக்கலாம். ஆய்வாளர்கள் இவற்றைக் கணக்கில் கழித்துப் பார்த்த பின்னரும் கீரையின் பங்கு மங்கவில்லை. எனினும் இத்தகைய ஓர் ஆய்வை மட்டும் வைத்து அடித்துச் சொல்லிவிட இயலாது. கீரைக்குள் இருக்கும் எந்தப் பொருள் தமனிக்குள் என்ன செய்கிறது என்பது தெளிந்தால்தான் நம்பிக்கை பிறக்கும். அது கடந்த நாற்பது ஆண்டுகளில் ஓரளவு தெளிந்திருக்கிறது.

குழாய் அன்று, உயிருள்ள உறுப்பு

தமனியை நாம் வீட்டுத் தண்ணீர்க் குழாயோடு ஒப்பிட்டே பழகிவிட்டோம். கொழுப்பு படிகிறது, அடைக்கிறது, மருத்துவர் அடைப்பை நீக்குகிறார் என்ற அளவில் அந்த ஒப்புமை பயன்படும். அதற்கு மேல் அது நம்மை வழிதவறச் செய்யும். தமனியின் உட்புறம் முழுவதும் ஒற்றை உயிரணு அடுக்காலான ஒரு மெல்லிய உள்ளுறை போர்த்தியிருக்கிறது. இதனை மருத்துவர்கள் எண்டோதீலியம் என்பர். நெடுங்காலம் இதனை வெறும் சுவர்ப்பூச்சு என்றே கருதி வந்தனர்.

இக்கருத்தை மாற்றியவர் நியூயார்க்கைச் சேர்ந்த இராபர்ட் ஃபர்ச்காட். முயலின் தமனியிலிருந்து வெட்டியெடுத்த கீற்றுகளின் மீது அசிட்டைல்கோலின் என்னும் பொருளை இட்டால், அவை சில வேளை தளர்ந்தன, சில வேளை இறுகின. ஒரே பொருள் இரு விதமாகச் செயற்படுவது ஏன் என்று துருவியபோது விடை மிக எளிதாகக் கிடைத்தது. கீற்றைத் தயாரிக்கும்போது அதன் உட்பக்கம் உரசப்பட்டு உள்ளுறை அழிந்துபோனால் அது தளர்வதில்லை. உள்ளுறை பழுதின்றி இருந்தால் தளர்கிறது. அதாவது, 'தளர்ந்துகொள்' என்ற கட்டளை உள்ளுறையிலிருந்தே பிறக்கிறது. 1980-இல் இது வெளியாயிற்று. அந்தக் கட்டளையைச் சுமந்து செல்லும் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்னும் எளிய வளி என்பது அடுத்த சில ஆண்டுகளில் நிறுவப்பட்டது. ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராட் ஆகிய மூவருக்கும் 1998-இல் மருத்துவ நோபல் பரிசு இதற்காகவே கிடைத்தது. இதில் ஒரு சுவையான தற்செயல் உண்டு. நைட்ரோகிளிசரினைக் கொண்டு டைனமைட் செய்து பொருளீட்டிய ஆல்ஃபிரட் நோபலுக்கு முதுமையில் இதய வலி வந்தபோது, மருத்துவர்கள் பரிந்துரைத்த மருந்தும் நைட்ரோகிளிசரின்தான். இன்றும் நெஞ்சு வலிக்கு நாவின் அடியில் வைக்கும் சிறு மாத்திரை அதுவே. அது உடலில் வெளியிடுவதும் நைட்ரிக் ஆக்சைடுதான்.

இந்த வளி தமனியைத் தளர்த்துவதோடு நிற்பதில்லை. இரத்தத் தட்டணுக்கள் உள்ளுறையில் ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. அழற்சியைத் தூண்டும் வெள்ளணுக்கள் அங்கே தங்கிவிடாமல் தடுக்கிறது. புகையும், உயர் சர்க்கரையும், உயர் அழுத்தமும், வயதும் இந்த உற்பத்தியைக் குறைக்கின்றன. அவ்வாறு நலிந்த இடத்தில்தான் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். சுவருக்குள் புகுந்து படிகிறது. அடைப்பு என்று நாம் சொல்வது, உள்ளுறை பல ஆண்டுகள் நலிந்ததன் இறுதி வெளிப்பாடு.

இப்போது கீரைக்கு வருவோம். பாலக், முளைக்கீரை, பீட்ரூட், முள்ளங்கி, கொத்துமல்லி ஆகியவற்றில் நைட்ரேட் மிகுதி. உண்ட நைட்ரேட் குடலில் உறிஞ்சப்பட்டு இரத்தத்தில் கலக்கிறது. உடல் அதில் ஏறத்தாழ கால் பங்கை உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்குத் திருப்பி அனுப்புகிறது. நாவின் பின்பகுதியில் வாழும் பாக்டீரியாக்கள் அதனை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அந்த உமிழ்நீரை நாம் விழுங்கிய பின், வயிற்றிலும் இரத்தத்திலும் அது நைட்ரிக் ஆக்சைடாக மாறுகிறது. உள்ளுறை தானே செய்யும் உற்பத்தி குறையும் வயதில், இது ஒரு மாற்று வழி. நம் வாயில் குடியிருக்கும் நுண்ணுயிர்களின் உழைப்பின்றி இது நடவாது என்பது வியப்புக்குரியது. கிருமிநாசினி கலந்த வாய் கொப்பளிப்பு நீரைப் பயன்படுத்தியவர்களிடம் இந்த மாற்றம் பெரிதும் தடைப்பட்டதைச் சோதனைகள் காட்டியுள்ளன. பல் மருத்துவர் சொல்லாமலேயே நாள்தோறும் அதனைப் பயன்படுத்துவோர் இதனை நினைவில் கொள்ளலாம்.

இலண்டனில் 2015-இல் வெளியான ஒரு சோதனையில், உயர் இரத்த அழுத்தம் உடைய அறுபதுக்கும் மேற்பட்டோர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் நாள்தோறும் 250 மி.லி. பீட்ரூட் சாறு அருந்தினர். மற்றவர்களுக்கு நைட்ரேட் மட்டும் நீக்கப்பட்ட அதே சாறு. நான்கு வாரங்களில் முதல் பிரிவினரின் மேல் அழுத்தம் ஏறத்தாழ 8 புள்ளிகள் குறைந்தது. சாற்றை நிறுத்தியதும் அழுத்தம் பழைய நிலைக்கு ஏறியது. இந்த இரண்டாவது செய்தியையும் முதலாவதோடு சேர்த்தே படிக்க வேண்டும். கீரையின் பயன் வைப்பு நிதி போல ஒருமுறை இட்டுவிட்டு மறந்துவிடக் கூடியதன்று. தொடர் வைப்பு போல மாதந்தோறும், இல்லை, வாரந்தோறும் செலுத்த வேண்டியது. சர்க்கரை நோயாளிகள் பீட்ரூட்டைச் சாறாக்கி அருந்துவதைவிடக் காயாகவே உண்பது நல்லது என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

அறுசுவையில் நாம் கைவிட்ட இரண்டு

தாவரங்களில் நைட்ரேட்டுக்கு அடுத்து வரும் பெருங்குடும்பம் பாலிபீனால்கள். ஆயிரக்கணக்கான சேர்மங்கள் கொண்ட இக்குடும்பத்தை ஆய்வகத்துக்குச் செல்லாமலேயே நாவால் அடையாளம் காணலாம். நெல்லிக்காய், நாவற்பழம், மாதுளை, வாழைப்பூ, பால் கலவாத தேநீர் ஆகியவற்றின் துவர்ப்பு, அவற்றிலுள்ள டானின்கள் உமிழ்நீர்ப் புரதங்களைப் பற்றிக்கொள்வதால் தோன்றுவது. பல கசப்புகளுக்கும் இத்தகைய சேர்மங்களே காரணம். செடிகள் இவற்றை நமக்காகச் செய்யவில்லை. பூச்சிகளையும் கடும் வெயிலையும் எதிர்த்துத் தம்மைக் காத்துக்கொள்ளவே செய்கின்றன. நம் முன்னோர் ஆறு சுவைகளுள் துவர்ப்புக்கும் கசப்புக்கும் தனித்தனி இடம் கொடுத்திருந்தனர். இன்றைய விருந்துப் பந்தியிலோ அலுவலக உணவகத்திலோ இவ்விரண்டையும் தேடிப் பாருங்கள். இனிப்பும் உப்பும் புளிப்பும் காரமும் மட்டுமே இருக்கும். கசப்பு குறைந்த காய், துவர்ப்பு குறைந்த பழம் என்று சந்தையும் அதே திசையில் செல்கிறது.

பாலிபீனால்களைப் பற்றிய விளம்பரங்களில் 'ஆன்டிஆக்சிடன்ட்' என்ற சொல் தவறாமல் வரும். சோதனைக் குழாயில் அவை ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பது உண்மைதான். ஆனால் உண்ட பின்னர் அவற்றில் மிகச் சிறு பகுதியே இரத்தத்தை அடைகிறது. அதுவும் குடல் நுண்ணுயிர்களாலும் கல்லீரலாலும் வேறு உருவுக்கு மாற்றப்பட்டே அடைகிறது. அவ்வளவு சிறிய அளவு, சோதனைக் குழாயில் கண்டதைப் போல ஆக்சிஜனேற்றத்தை நேரடியாகத் தடுத்துவிடும் என்பதற்கில்லை. மாறாக, அச்சிறு அளவு உள்ளுறையின் உயிரணுக்களைத் தூண்டி, அவை கூடுதலாக நைட்ரிக் ஆக்சைடு சுரக்கச் செய்கிறது என்பதே இன்று வலுப்பெற்று வரும் கருத்து. வழி வேறானாலும் இவையும் கீரையின் நைட்ரேட் சேரும் இடத்துக்கே வந்து சேர்கின்றன.

நெதர்லாந்தின் சுட்ஃபென் நகரில் 65 முதல் 84 வயது வரையிலான 805 ஆடவரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். 1993-இல் வெளியான முடிவின்படி, ஃபிளேவனாய்டு என்ற வகைப் பாலிபீனாலை மிகுதியாக உட்கொண்ட மூன்றில் ஒரு பகுதியினரிடையே இதய நோய் இறப்பு, மிகக் குறைவாக உட்கொண்டவர்களைவிடப் பாதிக்கும் கீழே இருந்தது. அவர்களுக்கு அது கிடைத்தது பெரும்பாலும் மூன்று எளிய பொருள்களிலிருந்து: தேநீர், வெங்காயம், ஆப்பிள். இதே முறையில் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் ஆராய்ந்தபோது அத்தகைய பயன் தென்படவில்லை. அங்கே தேநீரில் பால் கலந்து அருந்துவர். அதுதான் காரணமோ என்ற ஐயம் எழுந்தது. 2007-இல் பெர்லினில் 16 பெண்களிடம் செய்த சிறு சோதனையில், கறுப்புத் தேநீர் தமனியை நன்கு விரியச் செய்தது; பால் கலந்ததும் அந்தப் பயன் மறைந்தது. பாலின் புரதம் பாலிபீனால்களைப் பிணைத்துக்கொள்கிறது என்பது அவர்கள் விளக்கம். பால் கலந்தாலும் உறிஞ்சப்படும் அளவு குறைவதில்லை என்று கூறும் ஆய்வுகளும் உள்ளன; எனவே வழக்கு முடியவில்லை. பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கொதிக்கவைக்கும் நம் நாட்டுத் தேநீரைக் கைவிடுமாறு சொல்ல நமக்குத் துணிவில்லை. நாளில் ஒரு கோப்பையை மட்டும் பாலும் சர்க்கரையும் இன்றி அருந்திப் பழகலாம். பால் பற்றிய வழக்கு எப்படி முடிந்தாலும் சர்க்கரை குறைந்தது ஆதாயமே.

கோகோவைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்காவில் 21,000-க்கும் மேற்பட்ட முதியோரிடம் நடத்தப்பட்ட 'காஸ்மாஸ்' சோதனையின் முடிவுகள் 2022-இல் வெளியாயின. நாள்தோறும் 500 மி.கி. ஃபிளேவனால் அடங்கிய கோகோச் சாறு பெற்றவர்களிடம் இதய நோய் நிகழ்வுகள் மொத்தத்தில் 10 விழுக்காடு குறைந்தன. ஆனால் அந்தக் குறைவு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்னும் எல்லைக்குள்ளேயே இருந்தது. இதய நோய் இறப்பு மட்டும் 27 விழுக்காடு குறைந்தது. முன்னதைவிட இது நம்பத்தக்கது. எனினும் முதன்மைக் கேள்வியின் விடை இதுவன்று. சாக்லேட் நிறுவனம் ஒன்றும் இதற்கு ஆதரவளித்தது. கடைகளில் விற்கும் சாக்லேட்டில் காரம் சேர்த்துப் பதப்படுத்தும்போது இந்த ஃபிளேவனால்களின் பெரும்பகுதி அழிந்துவிடுகிறது. மிஞ்சுவது சர்க்கரையும் கொழுப்பும். பேரப்பிள்ளைகளின் சாக்லேட்டுக்கு இந்த ஆய்வைச் சான்று காட்ட இயலாது.

குடல் வாயிலில் ஒரு தடை

இதுவரை கண்டவை உள்ளுறைக்கு நேரடியாக உதவுபவை. கொழுப்பு இரத்தத்தில் சேரும் அளவையே குறைக்கும் தாவரப் பொருள்களும் உண்டு. எள், நிலக்கடலை, பாதாம், பருப்பு வகைகள், சுத்திகரிக்காத எண்ணெய்கள் ஆகியவற்றில் உள்ள தாவர ஸ்டெரால்கள் உருவத்தில் கொலஸ்டிராலை ஒத்தவை. குடலில் இரண்டும் ஒரே வாயிலில் முண்டியடிக்கும்போது கொலஸ்டிராலின் ஒரு பகுதி வெளியே தள்ளப்படுகிறது. நாளுக்கு 2 கிராம் ஸ்டெரால் எல்.டி.எல். அளவைப் பத்தில் ஒரு பங்கு வரை குறைக்கும் என்பது பல சோதனைகளில் உறுதியாகியுள்ளது. ஆனால் சாதாரண உணவில் கிடைப்பதோ அதன் கால் பங்குக்கும் குறைவு. ஆகவே எள்ளுருண்டையிடம் மருந்தின் வேலையை எதிர்பார்க்கலாகாது.

இவ்வகையில் நம் நாட்டின் கொடை இசப்கோல். குஜராத், இராஜஸ்தான், மத்தியப் பிரதேச வயல்களில் விளையும் இந்த விதையின் உமியை உலகுக்கு மிகுதியாக அளிப்பது இந்தியாவே. குஜராத்தின் ஊஞ்ஜா சந்தை அதன் பெரு வணிகத் தலம். மலச்சிக்கலுக்கான பொருளாகவே நாம் அதனை அறிவோம். அதன் கரையும் நார் குடலில் கூழாகிப் பித்த அமிலங்களைப் பற்றிக்கொண்டு வெளியேறுகிறது. இழந்த பித்தத்தை மீண்டும் ஆக்கக் கல்லீரல் இரத்தத்திலிருந்து கொலஸ்டிராலை எடுத்துக்கொள்கிறது. நாளுக்கு 7 கிராம் கரையும் நார் இந்த உமியிலிருந்து கிடைத்தால் இதய நோய் அபாயம் குறையலாம் என்று பொட்டலத்தில் அச்சிட அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1998-இலேயே இசைவளித்தது. போதிய தண்ணீருடன் அருந்த வேண்டும். பிற மாத்திரைகளை அதனோடு சேர்த்து விழுங்கக் கூடாது, அவற்றின் உறிஞ்சுதலையும் அது குறைத்துவிடும்.

பிழிந்தெடுத்தால் என்ன ஆகிறது?

இத்தனை நன்மை செய்யும் சேர்மத்தைத் தனியே பிரித்து மாத்திரையாக்கினால் என்ன என்ற எண்ணம் இயல்பானது. அதற்கான பதில்கள் பலவும் ஏமாற்றமாகவே வந்துள்ளன.

காரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டினை எடுத்துக்கொள்வோம். இரத்தத்தில் அது மிகுந்தவர்களுக்குப் புற்றுநோயும் இதய நோயும் குறைவு என்று கண்டதால், பின்லாந்தில் புகைப்பழக்கமுள்ள 29,000-க்கும் மேற்பட்ட ஆடவரிடம் அதனை மாத்திரையாகக் கொடுத்துச் சோதித்தனர். 1994-இல் முடிவு வந்தது: மாத்திரை உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியிருந்தது. 2000-இல், இதய நோய் அபாயம் மிகுந்த 9,500-க்கும் மேற்பட்டோரிடம் வைட்டமின் ஈ சோதிக்கப்பட்டது. எந்தப் பயனும் இல்லை. பூண்டைப் பற்றி அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 2007-இல் வெளியிட்ட ஆறு மாதச் சோதனையில், பச்சைப் பூண்டும் இருவகைப் பூண்டு மாத்திரைகளும் எல்.டி.எல். அளவை அசைக்கவில்லை.

நம் நாட்டுக் கதை ஒன்றும் உண்டு. இராஜஸ்தான், குஜராத் வறண்ட நிலங்களில் வளரும் முள் மரம் ஒன்றின் பிசின் குக்குலு. உடற்பருமனுக்கும் கொழுப்புக்கும் பண்டைய ஆயுர்வேத நூல் குறிப்பிடும் இப்பொருளை, 1960-களில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் ஜி. வி. சத்தியவதி முயல்களிடம் சோதித்து நம்பிக்கையூட்டும் முடிவுகளைக் கண்டார். இலக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் அதனை மேலும் ஆராய, 1980-களில் அது கொழுப்புக் குறைப்பு மருந்தாகச் சந்தைக்கு வந்தது. நூலறிவையும் ஆய்வகத்தையும் இணைத்த பெருமைக்குரிய முயற்சி அது. ஆனால் 2003-இல் அமெரிக்காவில் 103 பேரிடம், போலி மாத்திரையோடு ஒப்பிட்டு எட்டு வாரம் நடத்திய சோதனையில், குக்குலுச் சாறு பெற்றவர்களின் எல்.டி.எல். குறையவில்லை, சற்று உயர்ந்தது. சிலருக்குத் தோலில் தடிப்பும் ஏற்பட்டது. உணவுமுறையும் மரபும் வேறுபட்ட மக்களிடம் முடிவு மாறலாம் என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதத்தைப் பெரிய சோதனையால் நிறுவும் வரை, தரவே பேச வேண்டும் என்பது நம் கருத்து. இதற்கிடையே அந்த மரமே அற்றுப்போகும் நிலையை எட்டியிருக்கிறது.

மஞ்சளின் குர்குமின் உடலில் மிகக் குறைவாகவே சேர்கிறது. 1998-இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், 2 கிராம் குர்குமினோடு மிளகின் பைப்பரினை 20 மி.கி. சேர்த்தால் அது இருபது மடங்கு கூடுவதைக் காட்டினர். மஞ்சளும் மிளகும் சேரும் நம் சமையலுக்கு இது நற்சான்று என்று மகிழலாம். ஆனால் குப்பிகளில் விற்கும் அடர்த்தியான குர்குமின், சமையலறை அளவை வெகுவாகத் தாண்டியது. அத்தகைய மாத்திரைகளால் கல்லீரல் பாதிப்புற்றோர் பற்றிய குறிப்புகள் மருத்துவ இதழ்களில் வந்துள்ளன. பச்சைத் தேயிலைச் சாறும் அப்படியே. அதன் முக்கியக் கேட்டச்சின் நாளுக்கு 800 மி.கி. அளவை எட்டினால் கல்லீரல் நொதிகள் உயரலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்தது. கோப்பையில் அருந்தும் தேநீருக்கு அந்த அச்சம் இல்லை.

உணவில் நன்மை செய்வது மாத்திரையில் செய்யாததற்குக் காரணம் ஒன்றன்று. ஒரு கீரையில் நைட்ரேட், நார், பொட்டாசியம், மக்னீசியம், ஃபோலேட், பலவகைப் பாலிபீனால்கள் எல்லாம் சேர்ந்தே வருகின்றன. ஒன்றைப் பிரித்தால் மற்றவை விடுபடுகின்றன. அளவும் மாறிவிடுகிறது. அத்துடன், ஒரு கிண்ணம் கீரை தட்டுக்கு வரும்போது அந்த இடத்திலிருந்து வேறு ஏதோ ஒன்று விலகுகிறது. பெரும்பாலும் அது பொரித்த பண்டமாகவோ இரண்டாம் முறை வாங்கும் சோறாகவோ இருக்கும். மாத்திரை எதையும் தட்டிலிருந்து விலக்குவதில்லை.

இங்கே நம் தொழில் சார்ந்த ஒரு செய்தி. 'அடைப்பைக் கரைக்கும்', 'அறுவை சிகிச்சை தேவையில்லை' என்ற வாக்குறுதிகளோடு வரும் விளம்பரங்களைக் கண்டு ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை மாதந்தோறும் செலவிடும் மூத்த வாடிக்கையாளர்களைக் கிளைகளில் காண்கிறோம். மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம், 1954, இதய நோய், தமனித் தடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதையே தடை செய்கிறது. அத்தகைய விளம்பரம் சட்டத்தை மீறியது என்பதே முதல் எச்சரிக்கை. உணவுத் துணைப்பொருளாக விற்கப்படும் குப்பிகளில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அன்று' என்று அச்சிட்டிருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. எழுத்து சிறிதாயினும் தேடிப் படியுங்கள். 'முதல் மாதம் இலவசம்' என்று கூறி அட்டை விவரத்தையோ யுபிஐ தானியங்கிப் பற்றுக்கான இசைவையோ பெறும் விற்பனைகளும் உள்ளன. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, ஒவ்வொரு பற்றுக்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்னர் உங்களுக்கு அறிவிப்பு வர வேண்டும். அந்த இசைவை எப்போது வேண்டுமானாலும் நீங்கள் திரும்பப் பெறலாம். வழி தெரியாவிட்டால் கிளையில் கேளுங்கள்.

பணம் போவதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. குப்பியை நம்பி, மருத்துவர் எழுதிக் கொடுத்த ஸ்டாட்டின் மாத்திரையையோ இரத்த அழுத்த மாத்திரையையோ தாமாகவே நிறுத்திவிடுவது. ஸ்டாட்டின்கள் மாரடைப்பைக் குறைப்பது பல்லாயிரம் பேரிடம் சோதித்து நிறுவப்பட்டது. கீரையும் நெல்லிக்காயும் அதற்குத் துணை, மாற்று அல்ல.

அடுக்களையில்

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாளுக்கு 400 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும் உண்ணச் சொல்கிறது. இந்த அளவைத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்த்தால் நம் தட்டு எவ்வளவு பின்தங்கியுள்ளது என்பது விளங்கும். நால்வர் குடும்பத்துக்கு அது நாளொன்றுக்கு 1.6 கிலோ காய்கறி. விலைவாசியைக் கண்டு தயங்குவோர் கீரையிலிருந்து தொடங்கலாம். பெரும்பாலான ஊர்களில் சந்தையின் மலிவான பொருள் அதுதான்.

நைட்ரேட்டும் பல பாலிபீனால்களும் நீரில் கரைபவை. கீரையை வேகவைத்த நீரை வடித்துக் கொட்டினால் பெரும்பகுதி கழிவுநீர்த் தொட்டிக்கே போகும். காஷ்மீரத்தில் 'ஹாக்' என்ற கீரையை அதன் சாற்றோடு சோற்றில் ஊற்றி உண்பர். வட இந்தியாவெங்கும் பாலக்கைப் பருப்போடு சேர்த்தே கடைவர். பஞ்சாபில் கடுகுக் கீரையை மசித்து அதன் நீரிலேயே சுண்டவைப்பர். இவற்றில் எதுவும் வீணாவதில்லை. (பஞ்சாபில் அதன் மேல் வைக்கும் வெண்ணெய்க் கட்டி வேறு கணக்கு.) வெங்காயத்தின் குவெர்செட்டின் வெளியடுக்குகளில்தான் மிகுதி, தோலுரிக்கும்போது சதைப்பற்றான இரண்டு அடுக்கைச் சேர்த்து எறிவது நட்டம். தக்காளியின் இலைகோபீன் இதற்கு நேர்மாறு: சிறிது எண்ணெயில் வதக்கினால்தான் உடலில் நன்கு சேரும். நெல்லிக்காயை உண்ணும் வழிகளில் ஊறுகாய் கடைசியாக வர வேண்டியது. அதிலுள்ள உப்பு, துவர்ப்பு தரும் நன்மையை ஒரே வீச்சில் பறித்துக்கொள்ளும்.

சிலர் மட்டும் கீரையைத் தம் விருப்பப்படி கூட்டவோ குறைக்கவோ கூடாது. செயற்கை இதய வால்வு பொருத்தியோர், இரத்தம் உறைவதைத் தடுக்க வார்ஃபரின் அல்லது அசெனோகுமரால் உட்கொள்வோர் இவர்களுள் முதன்மையானவர்கள். கீரையின் வைட்டமின் கே அம்மருந்துக்கு எதிராக வேலை செய்யும். அவர்கள் கீரையை விலக்க வேண்டியதில்லை; வாரத்துக்கு வாரம் ஒரே அளவாக உண்டால், மருத்துவர் அதற்கேற்ப மருந்தின் அளவை வைப்பார். சிறுநீரகம் பழுதுற்றோருக்குக் கீரையின் பொட்டாசியம் கேடு செய்யலாம். சிம்வாஸ்டாட்டின், அடோர்வாஸ்டாட்டின் உட்கொள்வோர் கிரேப்புரூட் சாற்றைத் தவிர்க்க வேண்டும். அது மருந்து சிதைவதைத் தடுத்து, இரத்தத்தில் அதன் அளவை ஏற்றிவிடும். அதன் உறவான பம்பளிமாஸிலும் அத்தகைய சேர்மங்கள் உண்டு. ஏற்கெனவே ஏதேனும் ஒரு மூலிகைக் குப்பியை வாங்கிவிட்டவர்கள், அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது மருந்துச் சீட்டோடு அதனையும் எடுத்துச் செல்லுங்கள். பெயரைச் சொல்வதைவிட, பின்பக்கத்தில் அச்சிட்டுள்ள சேர்மங்களையும் அளவையும் அவரே படிப்பது நல்லது.